இஞ்ஞாசியின் காத்துச்சட்டை

தொம்மை சொன்னதைக் கஸ்பார் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதுமில்லை. வருஷக்கணக்காகச் சிப்பிக்கழி ஊர் முழுவதும் அதை நம்பிக்கொண்டிருக்க, சாமியார் பிரசங்கத்தில் அதை எடுத்துச் சொல்ல, படகோட்டிகள் சுற்றுலா வந்தவர்களுக்கு முகத்துவாரத்தைக் கைநீட்டிக் காட்டி அதையே சொல்ல, கஸ்பார் மட்டும் மேலுக்குத் தலையாட்டிக்கொண்டு உள்ளுக்குள் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதை அவருக்கு அத்தனை இதமாக இருந்தது. அளவெடுத்து அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி எங்கும் பிடிக்காமல், எங்கும் தொளதொளக்காமல் இருந்தது. அதனால்தான் அவருக்குச் சந்தேகம்.

தொம்மை சொன்னது இதுதான். மாதா திருவிழாவன்று சாயங்காலம், மணல்தீவில் மிச்சமிருந்த சுற்றுலாக்காரர்களைச் சப்பரம் கிளம்புவதற்குள் கூட்டிவர இஞ்ஞாசி வெறும் படகோடு முன்னால் போனான். தொம்மை தன் படகில் பின்னால் போனான். முகத்துவாரத்தில் கச்சான் காற்று சொல்லாமல் கொள்ளாமல் திரும்பியடித்ததில் இஞ்ஞாசியின் படகு குப்புறக் கவிழ்ந்தது. "விழுந்தான், தண்ணி பட்டுச்சு, அந்தானைக்கே ஊதிக்கிட்டு. ஜாக்கெட்டு பூசணிக்காயாட்டம் கழுத்தச் சுத்தி நின்னுச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பொறவு ஒரு அலை வந்துச்சு பாத்துக்கோ, பனை ஒசரம். அதுக்குப் பொறவு காணல" என்பான் தொம்மை. கடைசியில், யாரும் கேட்காவிட்டாலும், "கஸ்பாரு ஜாக்கெட்டுல ஒரு குத்தமும் கெடையாது" என்று முடிப்பான். வருஷம் போகப் போகக் கதையில் சதை போட்டது. இஞ்ஞாசி ஒரு கையைத் தூக்கி ஆட்டினான் என்பது ஒரு வருஷம் வந்து சேர்ந்தது. ஆட்டும்போது சிரித்தான் என்பது அதற்கடுத்த வருஷம்.

கஸ்பாரின் வேலை அந்த ஜாக்கெட்டுகளைப் பார்த்துக்கொள்வது. சுற்றுலாக்காரர்களுக்குத் தக்கை வைத்த பழைய லைஃப் ஜாக்கெட். படகோட்டிகளுக்கு மட்டும் புதுசு. கழுத்தில் துண்டு போட்டது போல ஒல்லியாகத் தொங்கும், தண்ணீரில் விழுந்தால் தானாக ஊதிக்கொள்ளும். ஊரில் அதற்குக் காத்துச்சட்டை என்று பெயர். அதன் மடிப்புக்குள் ஒரு பை, பைக்கு ஒரு சிறு சிலிண்டர், சிலிண்டரின் வாய்க்கு நேராக வில்லில் ஏற்றிய ஓர் ஊசி, அந்த ஊசியைப் பாயவிடாமல் பிடித்துக்கொண்டு ஒரு மாத்திரை. தண்ணீர் பட்டால் மாத்திரை கரையும், ஊசி பாயும், சிலிண்டரின் வாய் ஓட்டையாகும், பை நிறையும். ஒருமுறை ஊதியதற்குப் புது மாத்திரையும் புதுச் சிலிண்டரும் போட வேண்டும். ஊதாததையும் சும்மா விடக் கூடாது. காற்றடித்து ஒரு நாள் தொங்கவிட்டு இளைக்கிறதா என்று பார்க்க வேண்டும், உப்பைத் துடைக்க வேண்டும், சிலிண்டரைக் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் அதிர்வில் அது தானாகவே தளரும். தளர்ந்துவிட்டால் ஊசி பாய்ந்தாலும் எட்டாது. எட்டாவிட்டால் அது சட்டைகூட இல்லை, கழுத்தில் கட்டிய கல்.

இதெல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான். சிப்பிக்கழியில் கூடுதலாக ஒன்று இருந்தது. அங்கே தண்ணீரில் இறங்கும் எதுவும் மந்திரிக்கப்படாமல் இறங்காது. வலை, மடி, நங்கூரம், எஞ்சின், புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பு முதற்கொண்டு மாதா திருவிழாவன்று துறைக்கு வரும், சாமியார் தீர்த்தம் தெளிப்பார். காத்துச்சட்டைகள் வந்த முதல் வருஷம் படகோட்டிகள் அவற்றை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அந்தச் சாமியார் தீர்த்தத்தில் கஞ்சத்தனம் காட்டாதவர். தென்னங்குருத்தை வாளியில் முக்கி முகத்தில் அறைகிற மாதிரி வீசினார். அவ்வளவுதான், ஒவ்வொருத்தன் கழுத்திலும் புஸ்ஸென்று ஊதிக்கொண்டு வந்து, வரிசை முழுக்க முகம் காணாமல் போய், சாமியார் பின்வாங்கிக் கழித் தண்ணீரில் விழுந்து, ஜாக்கெட் போடாத அவரை ஜாக்கெட் போட்டவர்கள் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

"அடுத்த வருசம் இதுகள மந்திரிக்க வேண்டாம்" என்றார் கஸ்பார்.

"மந்திரிக்காத சட்டையப் போட்டுக்கிட்டு முகத்துவாரத்துக்கு எவம்வே போவான்?" என்று இஞ்ஞாசிதான் முதலில் கேட்டான். அவன் சிரிக்காமல் கேட்ட ஒன்றிரண்டு கேள்விகளில் அது ஒன்று.

ஆகவே கஸ்பார் ஒரு வழி கண்டுபிடித்தார். திருவிழாக் காலையில் எல்லா ஜாக்கெட்டிலும் சிலிண்டரை இரண்டு சுற்றுத் தளர்த்துவார், மாத்திரைகளைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவார். மந்திரிப்பு முடிந்து ஈரம் காய்ந்ததும் ஒவ்வொன்றாக மாத்திரையைப் போட்டு, கடைசியாகச் சிலிண்டரைத் திருகி இறுக்குவார். சாமியாரும் நனையவில்லை, மாதாவும் கோபிக்கவில்லை. பல வருஷம் அப்படி நடந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். மாதாவுக்காகக் கஸ்பார் திருகாணியைத் தளர்த்துகிறார் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

இஞ்ஞாசி போன அன்று கஸ்பார் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே சப்பரத்துக்கு மேளம் கட்டிவிட்டார்கள். இஞ்ஞாசி வந்து, "அண்ணே, இன்னும் என்ன, பொண்ணு அலங்காரமா? கொடுங்க, நேரமாச்சு" என்று கைநீட்டினான். மாத்திரையைப் போட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. டப்பா கடைசியில் காலியாகத்தான் இருந்தது, அதற்கு அந்த டப்பாவே சாட்சி. ஆனால் சிலிண்டரைத் திருகியதற்குச் சாட்சி கிடையாது. திருகினாரா? விரல்களைக் கேட்டுப் பார்த்தார், அவை எல்லாத் திருவிழாவிலும் எல்லா ஜாக்கெட்டையும் திருகிய விரல்கள், திருகினோம் என்றுதான் சொல்லும். அந்த ஒரு நிமிஷம் இருக்க வேண்டிய இடத்தில் மேளச் சத்தம் மட்டுமே இருந்தது.

ஆள் கிடைக்கவில்லை. ஜாக்கெட் மட்டும் கிடைத்தது. நண்டுக்குப் போனவர்கள் கண்டல் காட்டில் வேரோடு வேராகச் சிக்கியிருந்ததை அறுத்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். உறை கிழிந்து, உள்ளே இருந்த பை குடல் மாதிரி வெளியே தொங்கியது. ஊதிப் பிறகு இளைத்ததா, ஊதவே இல்லையா என்று பார்வைக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. சிலிண்டரைக் கழற்றி அதன் வாயைப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் ஊசி எட்டியிருக்கிறது. ஓட்டை இல்லாவிட்டால் எட்டவில்லை. இது கஸ்பாருக்குத் தெரியும். போலீஸ் வந்து பார்க்கட்டும், அதுவரை தொட வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைக் கொட்டகையில் மற்ற ஜாக்கெட்டுகளோடு ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை, படகு டிக்கெட் கொடுக்கும் புனிதா வந்து சன்னலைத் திறந்தாள், விளக்குமாற்றை எடுத்தாள், பிறகு வாசலில் நின்று, "அண்ணாச்சி, இஞ்ஞாசி அண்ணன் ஜாக்கெட்டு தூங்குது" என்றாள்.

தூங்கத்தான் செய்தது. ஈரம் காயக் காய அது மெல்ல உப்பி, ஒரு கணம் நின்று, மெல்ல இளைத்தது. மறுபடி உப்பியது. இஞ்ஞாசியின் மனைவி அமலியைக் கூட்டிவந்தார்கள். அவள் அதன் மேல் காதை வைத்துக் கேட்டாள். இழுக்கும்போது நடுவில் ஒரு தடங்கல், பீடி குடிக்கிறவர்களுக்கு வருவது. விடும்போது நுனியில் ஒரு சின்னச் சீழ்க்கை.

"அவருதான்" என்றாள். "ஒருக்களிச்சுப் படுத்திருக்காரு."

போலீஸ் ஏட்டு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதும் கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். மூச்சு விடுகிறவனின் நெஞ்சில் யாராவது கைவைப்பார்களா? மூச்சு இருக்கும்போது செத்தார் என்று எப்படி எழுதுவது, ஆள் இல்லாதபோது இருக்கிறார் என்றும் எப்படி எழுதுவது என்று புலம்பிக்கொண்டே ஏட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். சாமியாரின் பாடு அதைவிட மோசம். மூச்சு இருக்கிறவனுக்கு இறந்தோர் பூசை வைக்க முடியாது, உடம்பு இல்லாதவனுக்கு எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுக்கவும் முடியாது. செத்தவர்கள் மோட்சத்துக்கு முன்னால் காத்துக்கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து வருகிற மூச்சாக இருக்கலாம் என்று சிலர் சொன்னபோது, இருக்கலாம், ஆனால் அங்கே பீடி கிடையாதே என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து முடித்து, உடல்நலமில்லாதவர்களின் பெயர்களைத் தொடங்குவதற்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மௌனமாக இருக்கப் பழகினார். அந்த மௌனம் இஞ்ஞாசிக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊரும் அப்படியே பழகிக்கொண்டது. அமலி தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீடுகளில் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தவும் தயங்கினார்கள், பின்னால் உட்காரவைக்கவும் மனசு வரவில்லை. நடு வரிசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். முதலில் அவள் ஜாக்கெட்டைத் தன் வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள், கட்டிலில் அவன் படுக்கும் பக்கம் கிடத்தினாள். ஆனால் கொட்டகையில் அது தொங்கிய ஒன்றிரண்டு நாளிலேயே அதன் கீழே தொட்டில் கட்டிய பிள்ளைகள் அழாமல் தூங்கப் பழகிவிட்டார்கள். தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நேரங்காலம் இல்லாமல் அமலியின் கதவைத் தட்டினார்கள். "ஒனக்கு மட்டுமா புருசன், ஊருக்கே மூச்சு விடுதானே" என்றாள் ஒருத்தி. அதில் கேலி பாதி, கெஞ்சல் பாதி. அமலி அதைக் கொண்டுவந்து பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கொட்டகை படகுத்துறைக் கொட்டகையாக மட்டும் இல்லை. மத்தியானம் தூக்கம் வராத கிழவர்கள் பாயோடு வந்தார்கள். இளைப்பு நோய்க்காரர்கள் அதோடு சேர்ந்து இழுத்து, அதோடு சேர்ந்து விட்டு, தங்கள் மூச்சைச் சீராக்கிக்கொண்டார்கள். காற்று மாறுவதற்கு முன்னால் அதன் மூச்சு மேலெழுந்தவாரியாக ஓடும். அன்று படகோட்டிகள் முகத்துவாரத்துக்குப் போகமாட்டார்கள், வானம் கண்ணாடியாக இருந்தாலும் போகமாட்டார்கள். கண்ணாடியாக இருந்த வானம் கருத்து இறங்கியதை அவர்கள் பலமுறை பார்த்துவிட்டார்கள். மழைக்காலத்தில் சீழ்க்கை அதிகமானால் யாராவது மிளகு ரசம் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து கீழே வைப்பார்கள், ஆவி படட்டும் என்று. அவனோடு படகோட்டிய கூட்டாளிகள் எப்போதாவது ஒரு பீடியைப் பற்றவைத்து அதன் பக்கமாகப் புகையை ஊதிவிட்டு, "அடப்பாவி, இருமக்கூட மாட்டேங்கானே" என்று சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அது அசையாமல் இருந்ததால் அவர்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. சிப்பிக்கழி அதற்காக வருத்தப்படவும் இல்லை.

இவ்வளவிலும் ஊர் மறக்காமல் சொன்ன ஒன்று கஸ்பாரின் பெயர். "கஸ்பார் அண்ணாச்சி கைபட்ட சட்டை. ஆள் போன பொறவும் நிக்காம ஓடுது பாத்தீங்களா?" நோஞ்சான் பிள்ளையைப் பெற்றவள் அவர் கையைப் பிடித்துப் பிள்ளையின் நெஞ்சில் வைப்பாள். கஸ்பார் கையை இழுத்துக்கொள்வார். இழுத்துக்கொள்வது அடக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அவர் மற்ற ஜாக்கெட்டுகளைப் பிரித்து, அழுத்தி, காற்றடித்து, தொங்கவிட்டு, இறுக்கி, மடித்து வைப்பார். ஒவ்வொன்றின் சிலிண்டரையும் மூன்று முறை, நான்கு முறை இறுக்கிப் பார்ப்பார். சிலசமயம் போன படகைக் கரையிலிருந்து கூவி அழைத்து, திரும்ப வரச்சொல்லி, படகோட்டி இடுப்புப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, ஐந்தாவது முறையும் இறுக்குவார். இஞ்ஞாசியின் ஜாக்கெட்டிடம் வந்தால் மட்டும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் தோள்பட்டை உப்பைத் துடைத்துவிட்டு விலகிவிடுவார். இடுப்புப் பக்கம், சிலிண்டர் இருக்கும் பக்கம், அவர் துணி போனதே இல்லை. அந்தப் பக்கம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. அது ஊருக்குப் பக்தியாகத் தெரிந்தது.

அவருக்கோ வேறொன்று தோன்றிக்கொண்டே இருந்தது. மந்திரிக்கச் சொன்னது ஊர். தளர்த்துவதைப் பார்த்துச் சிரித்தது ஊர். அன்றைக்கு என்ன நடந்திருக்கலாம் என்று இவர்களில் ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை? தோன்றியிருக்கும். தோன்றியதால்தான் தொம்மையின் கதையை இப்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டிய இடத்துக்கே போகாமல் சுற்றுவழியில் நடக்கிறார்கள். அந்த மூச்சு நிற்காதவரை யாரும் அந்த இடத்துக்குப் போக வேண்டாம். மூச்சு நிற்கக் கூடாது என்று சப்பரத்தின் முன்னால் மண்டியிட்டு வேண்டியவர்களில் தானும் ஒருவர் என்பதும், வேண்டியது இஞ்ஞாசிக்காக இல்லை என்பதும் கஸ்பாருக்குத் தெரியும்.

படகு ஓடாத ஒரு மத்தியானம், கொட்டகையில் கிழவர்களும் தொட்டில் பிள்ளைகளும் ஒரே தாளத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அமலி வந்து ஜாக்கெட்டை ஆணியிலிருந்து கழற்றினாள். துவாலையில் சுற்றி, கைப்பிள்ளையைப் போல மார்போடு அணைத்து, பின்கட்டில் கஸ்பார் வேலை செய்யும் அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"நிறுத்திருங்க அண்ணாச்சி" என்றாள்.

கஸ்பார் எழுந்துவிட்டார். "என்னம்மா சொல்லுத?"

"ஊரே அவரு பக்கத்துல தூங்குது. நான் தூங்கி எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? மீன் அறுக்கையில கேக்கு, பூசையில கேக்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா, வருமானு காத்துக்கிட்டுக் கெடக்கேன். வந்துருது. அழவும் முடியல. மூச்சு விடுதவருக்கு அழுதா பேச்சு வாங்கணும்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போற மனுசன வாசல்லயே நிக்க வச்சிருக்கோம். காலு வலிக்காதா அவருக்கு?"

"சாமியாரு என்ன சொல்வாரோ..."

"சாமியாருக்குப் புருசன் இல்ல."

கஸ்பார் துவாலையை விலக்கினார். பை உப்பியது, நின்றது, இளைத்தது. நிறுத்துவதற்கு இரண்டு வழி இருந்தது. சிலிண்டரைக் கழற்றலாம், கழற்றக்கூட வேண்டாம், விரலை வைத்தாலே போதும், இரண்டு சுற்றுத் தளர்ந்திருக்கிறதா என்று முதல் தொடுகையிலேயே தெரிந்துவிடும். இன்னொரு வழி, தோள்பக்கம் வாயால் ஊதுவதற்கென்று இருக்கும் குழாய். அதன் மூடியைத் தலைகீழாகத் திருப்பி அழுத்தினால் வால்வு திறந்து காற்று வெளியேறும். அவருடைய கை சிலிண்டரின் பக்கம் போனது, வெள்ளை உப்பின் விளிம்புவரை போனது, ஒரு மூச்சு நேரம் அங்கே நின்றது. பிறகு குழாயைப் பிடித்தது.

அமலி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருகுனீங்களா இல்லியானு நான் கேக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கேட்டா நீங்க பதில் சொல்லணும். சொன்னா நான் அந்தப் பதிலோட குடித்தனம் பண்ணணும். என்னால ஆகாது."

அவர் மூடியைத் திருப்பி அழுத்தினார்.

காற்று வந்தது. பீடி வாசமும், அதை மறைக்க அவன் மெல்லும் பெருஞ்சீரகத்தின் வாசமும் கலந்து வந்தது. ஒரு பையளவு காற்று ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. மேசைமேல் கிடந்த துணியைத் தூக்கியது, அறையைத் தாண்டிப் போய்ப் புனிதாவின் டிக்கெட்டுகளைக் கொட்டகை முழுக்கப் பறக்கவிட்டது, தொட்டில்களை ஒரு சுற்று ஆட்டிவிட்டு வெளியே இறங்கியது, கட்டிப்போட்டிருந்த படகுகளெல்லாம் மாடுகளைப் போல மூக்கைத் திருப்பி முகத்துவாரத்தைப் பார்க்க, கழியின் தண்ணீரை ஒரே பக்கமாகச் சிலிர்க்கவைத்துக்கொண்டு போயிற்று. இவ்வளவு மூச்சை இத்தனை வருஷமாகவா அடக்கிவைத்திருந்தான் என்று கஸ்பார் நினைத்தார். கடைசி நுனியில் அந்தச் சின்னச் சீழ்க்கை கேட்டது. பிறகு பை மேசைமேல் துணியாகக் கிடந்தது.

முதலில் ஒரு பிள்ளை விழித்து அழுதது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் அழுதன. கிழவர்கள் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு அறை வாசலில் வந்து நின்றார்கள். யாரும் ஏசவில்லை.

"போயிட்டானா?" என்றார் ஒருவர்.

"போயிட்டாரு" என்றாள் அமலி. அப்போதுதான் அவள் அழுதாள். பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, வருஷக்கணக்காகக் கடன் வைத்திருந்த ஒப்பாரியை முதலிலிருந்து தொடங்கினார்கள். கோயிலில் துக்க மணி அடித்தது. அழுகை நடுவிலேயே அமலி அங்கே குவிந்துகிடந்த தக்கை ஜாக்கெட்டுகளின் மேல் சாய்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். ஒப்பாரி வைத்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கஸ்பார் ஜாக்கெட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். சிலிண்டர் விலா எலும்பில் முட்டியது. இனி அதைக் கழற்ற எந்தத் தடையும் இல்லை, நெஞ்சும் இல்லை, மூச்சும் இல்லை. குழாய் வழியாக மெதுவாக விட்டது அவளுக்காக, அவனுக்கு வலிக்காமல் இருப்பதற்காக என்று ஊரில் சொல்வார்கள். தானும் சொல்லிக்கொள்வோம், சில வருஷத்தில் நம்பியும்விடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

துறைச் சுவரோரம் தொம்மையின் டீக்கடை. அந்தத் திருவிழாவுக்குப் பிறகு தொம்மை படகைத் தொடவில்லை. கண் மங்கிவிட்டது என்று சொல்லி, ஒரு பாய்லரை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மணிச் சத்தம் கேட்டும் அவன் கொட்டகைக்கு வரவில்லை. கஸ்பாரைக் கண்டதும் கேட்காமலே ஒரு டீயை ஆற்றி நீட்டினான். கண் மட்டும் கக்கத்திலிருந்த சுருட்டலின் மேலேயே இருந்தது.

"கழத்திப் பாத்தியா?"

"இல்ல."

"பாக்காத. பாக்கதுக்கு என்ன இருக்கு? ஒன் ஜாக்கெட்டுல ஒரு குத்தமும் கெடையாது மக்கா. நாந்தான் பாத்தேனே. விழுந்தான், தண்ணி பட்டுச்சு, அந்தானைக்கே ஊதிக்கிட்டு. தல நல்லா மேல நின்னுச்சு. இந்தா, இப்படி" என்று தொம்மை கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். "இப்படி ஆட்டினான். என்னயப் பாத்துத்தான் ஆட்டினான்."

தூக்கிய கை இறங்கவில்லை. பாய்லரின் ஆவி அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கஸ்பார் அந்தக் கையைப் பார்த்தார். இத்தனை வருஷமும் இந்தக் கதையை அவர் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் கேட்டிருக்கிறார், தன் பெயர் அதில் சுத்தமாக இருக்கிறதா என்பதற்காக. அதற்குள் இன்னொரு ஆள் இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தார். கூப்பிடு தூரத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படகில், சுக்கானில் கைவைத்துக்கொண்டு ஓர் ஆள். கதை அவரைக் காப்பாற்றக் காப்பாற்ற, அந்த ஆளைத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. அழுத்துகிறது என்று தெரிந்துதான் தொம்மை வருஷத்துக்கு வருஷம் அதில் பாரம் ஏற்றினானா? பொய் என்றால் இவ்வளவு பெரிய பொய்யை ஒருத்தனுக்காக ஒருத்தன் சுமப்பானா? மெய் என்றால் அதை இவ்வளவு சிரித்த முகத்தோடு ஊருக்கெல்லாம் சொல்வானா?

கேட்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். அமலி கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. கேட்டால் வருவது இரண்டு பதிலில் ஒன்றுதான். ஒன்று அவர் கையைக் காட்டும், மற்றது தொம்மையின் கையைக் காட்டும். இரண்டில் எது வர வேண்டும் என்று தன் மனசு ஆசைப்படுகிறது என்பது தெரிந்து கஸ்பாருக்குக் கூசியது. அந்தக் கூச்சத்தோடேயே டம்ளரைச் சுவர்மேல் வைத்தார்.

"தொம்மை" என்றார். "ஊதிக்கிட்டு மெதந்தான், ஒன்னயப் பாத்துக் கையும் ஆட்டினாம்னா, நீ ஏம்ல அவனத் தூக்கல?"